கிரிவலப் பாதை (திருவண்ணாமலை)

கிரிவலப் பாதை என்பது தமிழ்நாட்டின் திருவண்ணாமலை நகரில் அண்ணாமலையைச் சுற்றி அமைந்துள்ள, ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள நடைவழி ஆகும். சிவனின் வடிவமாகக் கருதப்படும் இம்மலையைப் பக்தர்கள் வெறுங்காலுடன் வலம் வருவர். முழுநிலவு நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் பல இலட்சம் மக்கள் இவ்வழியே நடக்கின்றனர்.

அமைப்பு

அருணாசலேசுவரர் கோயிலிலிருந்து தொடங்கும் வலம், செங்கம் சாலையில் இரமணாசிரமத்தைக் கடந்தபின் வலப்புறம் திரும்பி, அடி அண்ணாமலை வழியாக மீண்டும் நகரை அடைகிறது. எண்திசைகளுக்கு உரிய இந்திரன், அக்கினி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் ஆகிய பெயர்களிலான எட்டு இலிங்கங்களின் கோயில்கள் இவ்வழியில் உள்ளன.

நீர்நிலைகள்

மலையடிவாரத்தில் குளங்கள் பல உள்ளன. இவை தீர்த்தங்கள் எனப்படுகின்றன. அக்கினி தீர்த்தம், சிம்ம தீர்த்தம், இரமணாசிரமத்தை அடுத்துள்ள பாலி தீர்த்தம் ஆகியன அவற்றுட் சில. மழைக்காலத்தில் மலைச்சரிவில் இறங்கும் நீரே இவற்றுக்கு ஆதாரம். எனவே வரத்துக் கால்வாய்கள் அடைபட்டால் கரைகள் சீராக இருந்தாலும் குளம் வறண்டுவிடும். நகருக்குள் உள்ள அய்யங்குளத்தில் தீபத் திருவிழாவை அடுத்துத் தெப்பத் திருவிழா நடைபெறுகிறது.

மரங்களும் சாலை விரிவாக்கமும்

வெறுங்காலுடன் நடப்போருக்கு மரநிழல் இன்றியமையாதது. பகலில் தார்ச்சாலையும் கல்தளமும் கடுமையாகச் சுடும். ஆயினும் கூட்டம் பெருகியதால் பாதையை அகலப்படுத்தும் தேவையும் எழுந்தது. விரிவாக்கப் பணிக்காக மரங்கள் வெட்டப்பட்டதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதில் தலையிட்டு, 2016 ஆம் ஆண்டில் மரம் வெட்டுவதற்குத் தடை விதித்தது. நடப்போருக்கு இடம் தேடும்போது அவர்களுக்கு நிழல் தரும் மரங்களையே இழக்க நேர்வது இவ்விவாதத்தின் மையச் சிக்கலாகும்.

மலைச்சரிவு

மரங்கள் குறைந்து வறண்டிருந்த மலையில் மீண்டும் காடு வளர்க்கும் நோக்கில் 1988 இல் அண்ணாமலை மீள்காடாக்கச் சங்கம் தொடங்கப்பட்டது. சரிவில் உள்ள தாவரங்கள் மண்ணரிப்பைக் குறைத்து, குளங்கள் தூர்ந்துபோவதையும் மட்டுப்படுத்துகின்றன. 2024 திசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயலால் பெய்த பெருமழையில் மலையடிவாரக் குடியிருப்பான வ.உ.சி. நகரில் மண்சரிவு ஏற்பட்டு 7 பேர் உயிரிழந்தனர். மலை, நீர்வழி, குளம், பாதை ஆகியவற்றைத் தனித்தனியே திட்டமிட இயலாது என்பதை இத்தகைய நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- அருணாசலேசுவரர் கோயில்
- கார்த்திகைத் தீபம்
- இரமண மகரிசி