பாடிகாவல் முதல் கேமரா வரை

சென்னையிலிருந்து கல்கத்தாவை நோக்கிச் செல்லும் வட பெருஞ்சாலையில், செங்குன்றத்தைக் கடந்ததும் எதிர்ப்படுவது சோழவரம். தலைநகருக்குக் குடிநீர் தரும் ஏரியால் பெயர் பெற்ற ஊர் அது. இரண்டாம் உலகப் போரின் காலத்தில் அங்கே ஒரு விமானத் தளம் எழுந்தது. போர் ஓய்ந்தபின் அதன் ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் தனியானதொரு பந்தயத் தடம் திறக்கப்படும்வரை, கார் என்றாலே சோழவரத்தை நினைப்போர் பலர் இருந்தனர்.

இன்று அந்தச் சாலையில் பந்தயக் கார்கள் இல்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகின்ற, அங்கிருந்து வருகின்ற லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகிவிட்டன. பல ஊர்களிலிருந்தும் பிழைப்புக்காக வந்தோர் வீடு கட்டிக் குடியேறியிருக்கின்றனர். அடுத்த வீட்டில் இருப்பவர் யார் என்பதை அறியாமலே ஆண்டுகள் கழிகின்றன. இத்தகைய இடத்தில் வீட்டையும் வாகனத்தையும் காப்பது எவ்வாறு என்னும் வினா, வெறும் பூட்டுக்கடை வினா அன்று. அது சரித்திர வினாவும் ஆகும்.

இந்த வினாவை இவ்வட்டாரத்தார் மறக்க முடியாதபடி எழுப்பிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள், பொழுது விடியுமுன், பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராயிருந்த கே. சுதர்சனம் தம் இல்லத்திலேயே கொள்ளையரால் கொலையுண்டார். வட மாநிலங்களிலிருந்து லாரிகளில் வந்து, நெடுஞ்சாலைக்கு அருகிலிருக்கும் வீடுகளைப் பகலில் நோட்டம் பார்த்து, இரவில் தாக்கிவிட்டு, மீண்டும் சாலையேறி மறைவது அக்கூட்டத்தின் வழக்கம். காவல்துறை அதிகாரி எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அமைந்து, வட நாடெங்கும் அலைந்து அக்கூட்டத்தின் தலைவனையும் பிறரையும் பிடித்தது. 2017இல் வெளிவந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ என்னும் திரைப்படம் இவ்வரலாற்றைத் தழுவியதே. ஆட்சியில் செல்வாக்குடைய ஒருவரின் வீட்டுக்கே இக்கதி என்றால், ஏனையோர் நிலை என்ன என்று மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

இனிப் பழமையைச் சற்று நோக்குவோம்.

திருடனின் திறமையும் காவலனின் விழிப்பும் நம் இலக்கியத்துக்குப் புதியன அல்ல. மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் கரிய உடை உடுத்து நூலேணியோடு திரியும் கள்வரையும், அவர்களைத் தேடி வீதிவலம் வரும் ஊர்காப்பாளரையும் ஒருசேரக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன், கள்வருக்குத் துணையாவன இவை என எட்டினைக் காவலரிடம் அடுக்கிக் கூறுகிறான். மந்திரத்தையும் மருந்தையும் விட்டுவிடுவோம். அப்பட்டியலின் இறுதியில் நிற்கும் இடம், காலம், கருவி ஆகிய மூன்றும் இன்றளவும் மாறவில்லை. ஒதுக்குப்புறமான வீடு இடம். வீட்டார் வெளியூர் சென்ற நாள் காலம். கடப்பாரையோ மின்னணுச் சாதனமோ கருவி. தானாகுளத்தில் நிகழ்ந்ததும் இம்மூன்றின் சேர்க்கையே.

ஆயினும் அந்தக் காட்சியில் இதனினும் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. இத்துணை நுணுக்கமாகக் களவுநூல் பேசியவனே உண்மைக் கள்வன். அவன் சுட்டிய விரலை நம்பிய காவலரால் வெட்டுண்டவன் குற்றமற்ற கோவலன். விசாரணையற்ற காவல், களவினும் கொடிது என்பதை நம் முன்னோர் அன்றே உணர்த்திவிட்டனர்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலும், பின்வந்த விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளிலும் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பயில்கிறது. ஊரைக் காக்கும் உரிமையையும், அதற்கென ஊரார் செலுத்திய வரியையும் அது குறிக்கும். காவல் என்பது அவரவர் வாங்கி மாட்டும் பொருளாக அன்றி, ஊர் முழுவதும் கூடிச் செலவிட்டுப் பெறும் பணியாக இருந்தது.

சோழவரம் அடங்கிய செங்கற்பட்டுச் சீமை 1763இல் நவாப் முஹம்மது அலி வாலாஜாவால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கப்பட்டது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்குகளில், களத்து மேட்டில் விளைச்சலைப் பங்கிடுமுன்னரே கோயிலுக்கும், கணக்கனுக்கும், தச்சனுக்கும், கொல்லனுக்கும் ஒதுக்கிய பங்குகளோடு, காவற்காரனுக்கும் பாளையக்காரனுக்கும் ஒதுக்கிய பங்கும் பதிவாகியுள்ளது. ஊருக்கு விளைந்தால் காவலனுக்கும் விளைந்தது. ஊர் இழந்தால் அவனும் இழந்தான்.

சென்னப்பட்டணத்தில் இம்முறை இன்னும் தெளிவாக விளங்கியது. கம்பெனியார் காலத்தில் நகரக் காவலைப் பெத்தநாயக்கர் என்னும் பதவியினர் ஏற்றிருந்தனர். நிலமும், சரக்குகளின்மேல் சிறு வரியும் அவர்களுக்குரிய ஊதியம். அதற்கு ஈடாக, களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். இயலாதெனில் அதன் மதிப்பைத் தாமே ஈடு செய்ய வேண்டும். ‘பெத்துநாயக்கன்பேட்டை’ என்னும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது. காக்கத் தவறியவன் இழப்பை ஏற்கவேண்டும் என்னும் இந்நியதி எண்ணத்தக்கது. இன்று வீட்டு வாயிலில் நிற்கும் எந்தக் கேமராவும் களவுபோன நகைக்கு ஈடு தருவதில்லை.

இம்முறையில் குறைகள் இல்லாமலில்லை. காவற்கூலி கொடாதவன் வீட்டில் காவலனே கன்னமிடச் செய்தான் என்னும் புகார் பல இடங்களில் எழுந்தது. தென் மாவட்டங்களில் ‘துப்புக்கூலி’ என்னும் பெயரால், திருட்டுப் போன மாட்டை மீட்பதற்கே பணம் பறிக்கும் வழக்கம் வளர்ந்தது. 1896 வாக்கில் மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் ஊரார் காவல்முறைக்கு எதிராகத் திரண்டதும் இதனாலேயே.

கம்பெனி அரசு 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதியால் ஊர்த்தலைவரைக் காவல் பணியில் அமர்த்தி, தலையாரியை அவர்க்குத் துணையாக்கியது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சம்பளம் பெறும் போலீஸ் படையைச் சென்னை மாகாணத்துக்குத் தந்தது. 1980இல் தமிழக அரசு பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை நீக்கியது. பிறப்பால் வரும் பதவி ஒழிந்தது நன்றே. ஆனால் ஊரில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த முகம் புதிது என அறிந்திருந்த ஊர்க்காவல் முறை தேய்ந்தது. அவ்விடத்தை எதுவும் முழுதாக நிரப்பவில்லை.

பூட்டின் வரலாறும் சுவையானதே. ஹிஜ்ரி 602இல், அதாவது 1206ஆம் ஆண்டில், தியார்பக்ர் நகரில் வாழ்ந்த அறிஞர் இஸ்மாயில் அல்-ஜஸரீ தம்முடைய இயந்திர நூலில், நான்கு வட்டத் தகடுகளில் எழுத்துகளைக் குறித்த நிலைக்குத் திருப்பினாலன்றித் திறவாத பெட்டிப் பூட்டொன்றை விவரித்தார். சாவியே இல்லாத பூட்டு அது, இரகசியமே சாவி. இன்றைய எண்பூட்டுக்கு அதனை மூத்த உறவினர் எனலாம். 1861இல் அமெரிக்காவின் லைனஸ் யேல் உருளைப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நாம் நாள்தோறும் திருகும் தட்டையான சாவி அவ்வழி வந்ததே. நம் நாட்டில் திண்டுக்கல் பூட்டு கைவினையால் புகழ் பெற்று, 2019இல் புவிசார் குறியீடும் அடைந்தது.

பூட்டு வளரத் திருடனும் வளர்ந்தான். சாவியைத் துளையில் இடாமல் சட்டைப்பையில் வைத்தபடியே திறக்கும் கார்கள் இப்போது வந்துள்ளன. அச்சாவி இடைவிடாது ஒரு மெல்லிய வானொலி அலைக்கு விடை சொல்கிறது. ஒருவன் காரின் அருகிலும் மற்றொருவன் வீட்டுக் கதவருகிலும் சாதனங்களோடு நின்று, அவ்வலையை வாங்கிக் கடத்தினால், உள்ளே மேசைமேல் இருக்கும் சாவி தன் அருகில் இருப்பதாகக் கார் மயங்கித் திறந்துகொள்கிறது. கண்ணாடி உடைவதில்லை, ஓசை எழுவதில்லை. இதற்கு மாற்று எளிது: சாவியை வாயிற்கதவை விட்டுத் தள்ளி, இறுக மூடிய உலோகப் பெட்டியில் வைத்தல், ஸ்டியரிங்கில் கண்ணுக்குத் தெரியும் இரும்புப் பூட்டை மாட்டுதல். புதுக் களவைப் பழைய இரும்பே தடுக்கிறது.

வீட்டுக்கும் அவ்வாறே. முன்கதவுக்கு விலையுயர்ந்த பூட்டிட்டுப் பின்கதவைத் தாழ்ப்பாளோடு விடுவதில் பயனில்லை. வெளியே தொங்கும் பெரிய பூட்டு, வீட்டில் ஆளில்லை என்பதைச் சாலையில் போவோர்க்கெல்லாம் அறிவிக்கும். கதவுக்குள் பதிந்த பூட்டு அறிவிக்காது. பயணச் செய்தியைக் கைப்பேசியில் ஊரறியப் பரப்புவதும் அத்தகையதே. ஊருக்குப் போகுமுன் காவல் நிலையத்தில் சொல்லிச் செல்லலாம். நம்பத்தக்க அண்டை வீட்டாரிடம் சாவியை அமானிதமாக ஒப்படைக்கலாம். மாலையில் ஒரு விளக்கை ஏற்றுவதும், வாசலில் விழுந்த செய்தித்தாளை எடுப்பதும் ஓர் அண்டை வீட்டாரால் முடியும். எட்டுக் கேமராக்களாலும் முடியாது.

இனி, துப்புத் துலக்குவதைப் பற்றி ஒரு சொல். 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் நிறுவப்பட்டபோது, ரேகைகளை 1,024 அறைகளில் வகைப்படுத்தித் தேடும் கணித முறையை வகுப்பதில் பெரும் பங்காற்றியவர்கள் அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு வங்காள அலுவலர்கள். முறையோ அவர்களின் மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கலாயிற்று. தானாகுளம் வழக்கைத் துலக்கவும் கைரேகையே பெருந்துணையாயிற்று. ஒருவன் ரேகை மற்றொருவனுக்கு இல்லை. குற்றம் தனிமனிதனுடையது என்பதே அவ்வறிவியலின் அடிப்படை.

ஆனால் அதே ஆட்சியாளர் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குலமே குற்றம் எனக் கொண்டு, குற்றமறியாதோரையும் பதிவேட்டில் எழுதி, அவர்களின் கைரேகையையும் வாங்கினர். தனிமனிதனைப் பிரித்தறியப் பிறந்த கருவி, கூட்டத்தையே கட்டிப்போடும் கயிறாயிற்று. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது 1952இல்தான். தானாகுளத்துக் கொள்ளையர் எந்தக் குலத்தில் பிறந்தனரோ அக்குலமும் அப்பட்டியலில் இருந்தது. கொள்ளையர் சிலரின் கொடுமைக்காக அக்குலத்தின் பெயரையே வசைச்சொல்லாக்குவோர், ஒழிந்த சட்டத்துக்கு உயிர் கொடுப்போரே ஆவர்.

இது வெறும் நியாயப் பேச்சு அன்று. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் வட நாட்டிலிருந்து வந்திருப்பதாகக் கைப்பேசிகளில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூரில், காரில் கோயிலுக்கு வந்த குடும்பத்தினர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததைக் கண்டு ஊரார் தாக்கினர். முதியவள் ஒருத்தி உயிரிழந்தாள். அதே நாட்களில் நம் பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டில், முன்பின் அறியாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டனர். கொன்றவர்கள் தங்களைக் கள்வரென எண்ணவில்லை. ஊரைக் காப்பவர்களென்றே எண்ணினர். பொற்கொல்லனின் விரலுக்குப் பதிலாகக் கைப்பேசி சுட்டியது. கோவலன் மீண்டும் வெட்டுண்டான். செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுங்கள் என்னும் திருமறையின் கட்டளை, எந்தப் பூட்டினும் முந்திய காவல் என்பதை அப்பாலம் நமக்குச் சொல்கிறது.

ஆகவே, கதவுக்கு நல்ல பூட்டு வேண்டும்; காருக்கும் வேண்டும். கேமராவும் இருக்கட்டும், அது நிகழ்ந்ததைச் சொல்லும். நிகழாமல் தடுப்பதற்கு, தெருவில் நாலு வீட்டார் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் வேண்டும். ஐயம் தோன்றினால் 112க்குச் சொல்லிவிட்டு, கையை அடக்கி நிற்கும் பொறுமை வேண்டும். நெடுஞ்சாலையோரத்துப் புது மனைகளில் பாடிகாவலை மீண்டும் நிறுவ முடியாது, வேண்டியதும் இல்லை. காவல் என்பது ஊரின் கூட்டுப் பொறுப்பு, தவறினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்னும் அதன் உட்பொருளை மட்டும் நாம் மீட்டெடுத்தால் போதும்.