காந்தப் பட்டையில் அழிந்த குரல்கள்

வீடியோ கசெற் வருவதற்கு முன்னர், ஒரு திரைப்படத்தை நினைத்த நேரத்தில் வீட்டில் போட்டுப் பார்க்க விரும்பியவர்கள் அதன் படச்சுருளையே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. மேற்கு நாடுகளில் இது ஒரு பெரிய வணிகமாகவே நடந்து வந்தது. பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922 இல் 9.5 மில்லிமீற்றர் சுருளை வீடுகளுக்கென அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் 1923 இல் 16 மில்லிமீற்றர் சுருளையும், 1932 இல் 8 மில்லிமீற்றர் சுருளையும், 1965 இல் சுப்பர் 8 சுருளையும் வெளியிட்டது. ஹிண்டன்பேர்க் ஆகாயக் கப்பல் 1937 இல் எரிந்து வீழ்ந்த காட்சியை அமெரிக்காவின் காஸில் பிலிம்ஸ் நிறுவனம் வீட்டுப் பிரதியாக விற்றது. 1977 இல் திரைக்கு வந்த ஸ்டார் வோர்ஸ் படத்தின் சுருக்கப் பதிப்பும் சுப்பர் 8 சுருளில் வீடுகளைச் சென்றடைந்தது.

திரையரங்குகளுக்குச் செல்லும் 35 மில்லிமீற்றர் பிரதிகளில் ஒலி பெரும்பாலும் ஒளிக்கோடாக அச்சிடப்பட்டிருக்கும். அதை எவராலும் மாற்ற இயலாது. ஆனால் 8 மில்லிமீற்றர் பிரதிகளில் வேறொரு முறையே பெருவழக்காயிற்று. சுருளின் விளிம்பில் இரும்பு ஒட்சைட்டு பூசிய மெல்லிய காந்தப் பட்டை ஒன்று ஒட்டப்பட்டது. கசெற் நாடாவில் ஒலி பதிவதைப் போன்றே இதிலும் பதிந்தது. சுருள் ஒரு பக்கம் தடித்து விடாமல் சீராகச் சுற்றப்படுவதற்காக மறு விளிம்பிலும் ஒரு பட்டை ஒட்டப்படுவதுண்டு. யப்பானின் எல்மோ ஜீ.எஸ்.1200 போன்ற புறொஜெக்டர்கள் இந்த இரண்டாவது பட்டையிலும் ஒலிப்பதிவு செய்ய வல்லவை. ஆகவே ஒற்றை ஒலியுடன் வாங்கிய படத்தை வீட்டிலேயே ஸ்ரீரியோ படமாக மாற்றிக்கொள்ளவும் வழி பிறந்தது.

சேகரிப்பாளர்கள் இந்த வாய்ப்பை நன்கு பயன்படுத்தினர். மொத்தமாகப் பிரதியெடுத்து விற்கப்பட்ட சுருள்களில் ஒலி மங்கலாகவும் இரைச்சலுடனும் இருப்பதுண்டு. சில பிரதிகள் வேற்று மொழியில் கிடைத்தன. எனவே வீடியோவிலிருந்தும், பின்னர் லேசர் டிஸ்க், டீ.வீ.டீ. ஆகியவற்றிலிருந்தும் நல்ல ஒலியை எடுத்துப் பழைய சுருளின் பட்டையில் பதிந்தார்கள்.

சொல்வது எளிது, செய்வது கடினம். சுப்பர் 8 சுருளில் ஒரு காட்சிக்குரிய ஒலி, அந்தப் படத்தின் அருகில் அன்றி 18 பிரேம்கள் முன்னால் பதியப்பட்டிருக்கும். ஆகவே அறுந்த இடத்தை வெட்டி ஒட்டினால் படம் ஓரிடத்திலும் ஒலி இன்னோரிடத்திலும் துண்டுபடும். 400 அடிச் சுருள் ஒன்று வினாடிக்கு 24 பிரேம்கள் வீதம் 20 நிமிடங்கள் ஓடும். புறொஜெக்டரின் வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினாலும் சுருள் முடியும்போது ஒலி 12 வினாடிகள் விலகி நிற்கும். நடிகர் வாயை மூடிய பிறகு வசனம் கேட்கும். இதற்கு மேலாக, ஐரோப்பிய வீடியோ முறையில் படம் வினாடிக்கு 25 பிரேம்கள் வீதம் ஓடுவதால் 100 நிமிடப் படம் 96 நிமிடங்களிலேயே முடிந்துவிடும். குரலும் சற்றுக் கீச்சிடும். பிற்காலத்தில் கணினி கைகொடுத்தது. பழைய பட்டையின் ஒலியை முதலில் கணினியில் ஏற்றி, அதனையே அளவுகோலாகக் கொண்டு புதிய ஒலியைத் துண்டு துண்டாகப் பொருத்திய பின்னர் மீண்டும் சுருளில் பதிந்தார்கள்.

இந்த உழைப்பு பாராட்டத்தக்கதே. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். காந்தப் பட்டையில் புதியது பதியும்போது பழையது அழிந்துபோகும். கசெற்றின் பின்புறத்தில் உள்ள சிறு பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிட்டால் அதன் மீது வேறொன்றைப் பதிய முடியாதென்பதை வாசகர்கள் அறிவர். படச்சுருளுக்கு அத்தகைய காவல் எதுவுமில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவ்வளவுதான்.

புதிய ஒலி தெளிவானது என்பதற்காக அதுவே மூல ஒலி ஆகிவிடாது. அல்பிரட் ஹிட்ச்கொக்கின் வேர்ட்டிகோ 1958 இல் வெளிவந்தது. 1996 இல் அது புதுப்பிக்கப்பட்டபோது காலடி ஓசை முதலிய பல ஒலிகள் புதிதாக உருவாக்கிச் சேர்க்கப்பட்டன. முதல் ரசிகர்கள் கேட்ட ஒலி இதுவல்லவே என்று விமர்சகர் பலர் குறைகூறினர். இவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட ஒலியைக் கொண்டு ஒரு பழைய சுருளின் ஒலியை அழிப்பவர், பழுது பார்ப்பதாக எண்ணிக்கொண்டு ஒரு சான்றை இல்லாமற் செய்பவராகிறார்.

பிரபலமான படங்களுக்காவது வேறு பிரதிகள் இருக்கும். வீட்டுப் படங்களின் கதை அப்படியல்ல. ஒலியை நேரடியாகப் பதியும் சுப்பர் 8 சுருளைக் கொடாக் நிறுவனம் 1973 இல்தான் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னர் ஊமைப் படமாக எடுத்த திருமணத்துக்கோ பிள்ளைகளின் பிறந்தநாளுக்கோ பிற்பாடு காந்தப் பட்டை ஒட்டுவித்து, வீட்டுப் பெரியவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து விளக்கம் சொல்லிப் பதிவதுண்டு. அந்தக் குரலுக்கு உலகில் வேறு பிரதி இல்லை. பேரப்பிள்ளைகள் அதன் மேல் ஓர் இனிய இசையைப் பதிந்தால் படம் எஞ்சும், பாட்டனார் போய்விடுவார்.

தமிழர் வீடுகளில் இத்தகைய சுருள்கள் மிகச் சிலவே. ஆனால் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து ஊருக்கும் வெளிநாட்டுக்குமாக அனுப்பிய கசெற்றுகளை நாம் அறிவோம். அவற்றுள் எத்தனையின் மேல் பின்னாளில் சினிமாப் பாட்டுகள் ஏறின என்பதையும் அறிவோம்.

கொடாக் நிறுவனம் ஒலிப் பட்டையுடன் கூடிய சுப்பர் 8 சுருள்களின் உற்பத்தியை 1997 இல் நிறுத்தியது. எனவே இப்போது கையில் இருப்பவை குறையுமே தவிரக் கூடமாட்டா. படத்தின் வண்ணம் மங்கிச் சிவந்துபோன சுருளிலும் பட்டையின் ஒலி நன்றாகவே இருக்கக்கூடும். புதிய ஒலியைப் பதிய விரும்புவோர் பதியட்டும். ஆனால் அதற்கு முன்னர் பழைய ஒலியை ஒருமுறை முழுவதும் ஓடவிட்டு, கணினியில் பிரதியெடுத்து, பெயரும் திகதியும் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். 20 நிமிடச் சுருளுக்கு அது 20 நிமிட வேலைதான்.