பீரங்கிக் குண்டு ஃபியூஸ்

பீரங்கிக் குண்டு எப்போது வெடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உறுப்பு ஃபியூஸ். பெரும்பாலும் குண்டின் மூக்கில் திருகப்பட்டிருக்கும். செயலிழக்கச் செய்த பழைய ஃபியூஸ்களைச் சேகரிப்பதும், அவற்றின் வகையையும் வயதையும் இனங்காண்பதும் படைக்கல வரலாற்றில் தனித் துறை.

விழிஞ்ஞத்துக்குத் தெற்கே குளச்சலில் 1741இல் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை வென்ற காலத்தில், பீரங்கிகள் சுட்டவை பெரும்பாலும் திண்மமான இரும்பு உருண்டைகள். அவற்றுக்கு ஃபியூஸ் வேண்டியதில்லை. உள்ளே மருந்திட்ட வெடிகுண்டுகளுக்கு, கருமருந்து கெட்டித்த மரக்குழாயே ஃபியூஸ். குழாயை நறுக்கும் நீளத்தைப் பொறுத்து எரியும் நேரம் அமையும். சுடும்போது எழும் தீயே அதைப் பற்றவைக்கும்.

19ஆம் நூற்றாண்டில் மரத்தின் இடத்தைப் பித்தளை பிடித்தது. வளையத்துக்குள் மருந்துப் பள்ளம் வைத்து, வளையத்தைத் திருப்பி நேரம் குறிக்கும் முறை வந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டன் பெருமளவில் பயன்படுத்திய 80ஆம் எண் ஃபியூஸின் வடிவமைப்பு ஜெர்மனியின் க்ரூப் நிறுவனத்துடையது. விக்கர்ஸ் நிறுவனம் 1902இல் உரிமம் பெற்று, ஃபியூஸுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் தர ஒப்புக்கொண்டிருந்தது. போர் முடிந்ததும் க்ரூப் அந்தத் தொகையைக் கேட்டு வழக்காடியது. ஜெர்மன் வீரர்கள்மேல் விழுந்த குண்டுகளுக்கு ஜெர்மன் நிறுவனமே பணம் கேட்டது, போர் வரலாற்றின் கொடிய உண்மைகளில் ஒன்று.

தமிழகம் அந்தப் போரை நேரில் கண்டது 1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் 10.5 செ.மீ. பீரங்கிகளால் சென்னைமீது சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கான கல்வெட்டுப் பலகை உண்டு. திருவனந்தபுரத்தில் பிறந்த விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற நம்பிக்கை இன்றும் நிலவுகிறது. அவரோ அப்போது ஐரோப்பாவில் இருந்தார். குண்டின் எச்சம் எந்த நாட்டுப் பீரங்கி என்று சொல்லும். கப்பலில் யார் இருந்தார் என்று சொல்லாது.

சிதறிய எஃகைவிட ஃபியூஸே அதிகம் பேசும். பிரிட்டிஷ் ஃபியூஸில் வகை எண், ரோமன் எண்ணில் திருத்தப் பதிப்பு, செய்தவரின் முதலெழுத்துகள், தேதி, தொகுதி எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மன் ஃபியூஸில் ‘ஏ.இசட்.’ என்றால் மோதலில் வெடிப்பது, ‘டாப்.இசட்.’ என்றால் நேரத்துக்கும் மோதலுக்கும் பொது. சுடப்பட்ட ஃபியூஸில் வளையம் திருப்பிய நிலையிலேயே நின்றிருந்தால், பீரங்கி வீரர் குறித்த நேரத்தை இன்றும் படிக்கலாம். எழுத்து தெரிய வேண்டுமென்று கம்பித் தூரிகையால் தேய்ப்பவர் அந்தச் சான்றையே அழித்துவிடுகிறார்.

‘வெடித்து முடிந்தது’ என்பதை நம்பிவிடக் கூடாது. நேரத்தில் வெடித்து விழுந்த இருவகை ஃபியூஸினுள் மோதல் பகுதியின் வெடிப்பி உயிரோடு எஞ்சியிருக்கக்கூடும். கடற்கரையிலோ கிணற்றிலோ கிடைப்பதைத் தொடாமல் போலீசாருக்குச் சொல்ல வேண்டும். வெடிகுண்டு நிபுணர் செயலிழக்கச் செய்து சான்றளித்த பிறகே அது சேகரிப்புப் பொருள்.