முட்டுக்கட்டை

காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை இருக்கிறது. செம்பரம்பாக்கம் பக்கம் சினிமா செட்டுகள் இருப்பதால் சில சமயம் கேரவன் இங்கே வந்து நிற்கும். மனை முழுக்க மேடும் பள்ளமும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டிரைவர் அண்ணன் அதில் வண்டியை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இறங்கி நடந்தார். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்தைக் குதிகாலால் மிதித்துப் பார்த்துவிட்டு, வண்டியை அங்கிருந்து தள்ளி நிறுத்தினார். தாழ்வாக இருந்த பக்கத்துச் சக்கரங்களுக்குப் பலகை போட்டு அதன்மேல் ஏற்றினார். ஹேண்ட் பிரேக் போட்டார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். அதற்கப்புறம்தான் நாலு மூலையிலும் இருந்த ஜாக்கிக் கால்களைத் தொட்டார். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஓர் அகலமான பலகை. ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று இறக்கினார். வண்டிக்குள் தரையில் பாதித் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் படுக்க வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

"இந்த ஜாக்கியை வச்சே வண்டிய மொத்தமா தூக்கிட்டா என்னண்ணா?" என்று கேட்டேன்.

"சாஞ்சிடும் தம்பி. இந்தக் கால் வண்டி ஆடாம இருக்கத்தான். வெயிட்டு சக்கரத்து மேலதான் நிக்கணும். ஜாக்கி தூக்கும், தாங்காது. தாங்குறது கட்டைதான்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். அந்த வாரம்தான் எங்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்பா கட்டியபோது மூணு படி ஏறி உள்ளே போவோம். ரோடு போடப் போட, இப்போது ரெண்டு படி இறங்கிப் போகிறோம். மழை பெய்தால் தெருத் தண்ணீருக்கு எங்கள் ஹால்தான் கடைசி நிறுத்தம். அதனால் அந்த அண்ணன் சொன்னது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மேடு பள்ளத்தின் மேல் ஒரு பொருளை மட்டமாக நிறுத்த மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். முதல் கதை பக்கத்திலேயே கிடைத்தது.

எங்கள் ஊர் வழியே போகும் சாலை மவுண்ட் – பூந்தமல்லி ரோடு. அதன் மறுமுனை பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10 அன்று, அந்த மலைக்குப் பக்கத்துச் சமவெளியில் வில்லியம் லாம்டன் ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் ஏழரை மைல். இந்தியாவையே முக்கோணங்களாக அளந்த மாபெரும் சர்வேக்கு அதுதான் அடிக்கோடு. அதில் ஏற்படும் பிழை, பின்னால் வரும் எல்லா முக்கோணங்களிலும் ஏறும்.

அளக்க அவரிடம் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. தரையில் போட்டு அளந்தால் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிக் கணக்கு கெட்டுவிடும். ஏழரை மைலுக்குத் தரையைச் சமன்படுத்தவும் முடியாது. அதனால் தரையை விட்டுவிட்டார். முக்காலிகளை நிறுத்தி, அவற்றின் மேல் நீண்ட மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, பெட்டிக்குள் சங்கிலியைக் கிடத்தினார். முக்காலிகளில் ஏற்றி இறக்கும் திருகுகள் இருந்தன. தரை எப்படி இருந்தாலும் பெட்டிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும்வரை திருக வேண்டும். சங்கிலி வெயிலில் நீளும் என்பதால் தெர்மாமீட்டர் வைத்து அதற்கும் கணக்கு. பிறகு எல்லாவற்றையும் பிரித்து அடுத்த 100 அடிக்கு நகர வேண்டும். இப்படி 400 முறை, ஏப்ரல், மே வெயிலில். கேரவன் அண்ணன் செய்ததும் அடிப்படையில் இதேதான்: மண்ணோடு சண்டை போடாதே, மண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் சரிசெய்துகொள்.

லாம்டனுக்கே ஒரு தடவை அடி விழுந்தது. அவருடைய பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே ஏற்றும்போது, விலகாமல் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் அளக்கும் வட்டம் நசுங்கிப்போனது. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். அவர் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆப்பும் திருகும் வைத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

தஞ்சாவூர் பக்கத்து ஊர்களுக்கு இது தெரியாத பாடம் இல்லை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். அதை இழுப்பவர்களை எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடி, சரியான நொடியில் கட்டையைக் கொடுத்து, தேரைத் திருப்புகிறவர்களையும் நிறுத்துகிறவர்களையும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தக் கட்டைக்குப் பெயர் முட்டுக்கட்டை. திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் அந்த வேலை இருக்கிறது. பேச்சுவழக்கில் மட்டும் அந்தச் சொல்லைத் திட்டாக மாற்றிவிட்டோம். ஒரு காரியத்தைக் கெடுப்பவன் 'முட்டுக்கட்டை போடுறான்'. தேர் சாயாமல் நிலைக்கு வந்து சேர்வதே அந்தக் கட்டையால்தான்.

சரி, தேரும் கேரவனும் நகர்வதற்காகச் செய்தவை. நகராத வீட்டைத் தூக்கினால்?

அதைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஊர் சிகாகோ. மிச்சிகன் ஏரிக் கரையில், கிட்டத்தட்ட ஏரி மட்டத்திலேயே இருந்த சேற்று ஊர். சாக்கடை ஓடச் சரிவே கிடையாது. 1854-இல் காலரா ஊரையே உலுக்கியது. அதற்கடுத்த ஆண்டு எல்லிஸ் செஸ்பரோ என்ற எஞ்சினியரைச் சாக்கடைத் திட்டத்துக்கு அமர்த்தினார்கள். தோண்டிப் புதைக்க முடியாது என்பதால், குழாய்களைத் தெருவின் மேலேயே பதித்து, மண் போட்டு மூடி, தெருவையே உயர்த்தச் சொன்னார் அவர். தெரு ஏறியதும் கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. எங்கள் வீடு மாதிரியேதான்.

1860-இல் லேக் ஸ்ட்ரீட்டில் 320 அடி நீளக் கடை வரிசை ஒன்றை மொத்தமாகத் தூக்கினார்கள். எடை 35,000 டன் என்று கணக்கிட்டார்கள். 6,000 திருகு ஜாக்கிகள், 600 ஆட்கள், ஆளுக்குப் பத்து ஜாக்கி. சைகை கிடைத்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருக வேண்டும். அவசரப்பட்டு ஒருத்தன் கூடுதலாகத் திருகினால் அவன் தலைக்கு மேலே இருக்கும் சுவர் விரியும். 5 நாளில் 4 அடி 8 அங்குலம் ஏறியது, அதாவது நாளுக்கு ஓர் அடிக்கும் குறைவு. உள்ளே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஏறிய இடைவெளியில் புது அஸ்திவாரம் எழும்பியது. அந்த ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் ஜார்ஜ் புல்மேன். பின்னாளில் ரயிலில் படுத்துத் தூங்கும் பெட்டிகளால் உலகப்புகழ் பெற்றவர். வீட்டைத் தூக்கியவர், அடுத்து வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றினார்.

திருகு ஜாக்கியின் பலம் அதன் உராய்வில் இருக்கிறது. கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மரையின் ஒரு படி உயரம் மட்டும்தான் ஏறும். கையை எடுத்தாலும் தானாகக் கீழே இறங்காது. ஆனால் நேர்க்கோட்டுச் சுமையைத்தான் அது தாங்கும். பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால் சாய்ந்துவிடும். அதனால்தான் தூக்கத் தூக்க அடியில் செங்கல்லோ கான்கிரீட்டோ ஏறிக்கொண்டே வர வேண்டும். சென்னைப் புறநகரில் இன்று வீடு தூக்கும் வட இந்தியக் குழுக்கள் செய்வதும் இதுவே. சுவரடியைத் துண்டு துண்டாகக் குடைந்து, வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாரும் சேர்ந்து திருகி, பிறகு ஒவ்வொரு ஜாக்கியாக எடுத்து அந்த இடத்தில் கட்டுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேலைக்குக் கிராக்கி கூடியது. தூக்கும்போது சுவர் சரிந்து தொழிலாளி இறந்த செய்தியும் நம் புறநகரிலேயே வந்திருக்கிறது.

எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர், "எத்தனை அடி தூக்கணும்?" என்று கேட்டார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். சிகாகோவில் தெரு எவ்வளவு உயரம் என்பதை நகராட்சி முடிவு செய்தது. கட்டடக்காரர்கள் அந்த எண்ணுக்கு ஏறினார்கள். எங்களிடம் அப்படி ஓர் எண் கிடையாது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், உயரம் கூடக் கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அது எல்லாத் தெருவுக்கும் வந்து சேரும்வரை, வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தன் பயத்தின் அளவுக்கு ஏற்றுகிறார். "மூணு அடி போதும், ஆனா அடுத்த ரோடு போட்டா?" என்று நானே நாலு அடி சொன்னேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை கேட் அருகே வந்தார். "தம்பி, நீங்க ஏத்திட்டீங்கன்னா உங்க வீட்டுல நிக்கிற தண்ணி எங்க நிக்கும்?"

பதில் இருவருக்குமே தெரியும். அவர் வீட்டைத் தூக்க அவரிடம் பணம் இல்லை. ஒருத்தன் மட்டும் தன் ஜாக்கியைக் கூடுதலாகத் திருகினால் விரிசல் எங்கே விழும் என்று அந்த வாரம் முழுக்கப் படித்திருந்தேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு கொத்தனார் ஒருவரிடம் ட்யூப் மட்டம் இரவல் வாங்கினேன். தண்ணீர் நிரப்பிய சாதாரணப் பிளாஸ்டிக் குழாய்தான். உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால், எவ்வளவு தூரமானாலும் ரெண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதை ஒருத்தனால் பிடிக்க முடியாது. ஒரு முனை என்னிடம், மறு முனை அத்தையிடம். எங்கள் சுவரில் தொடங்கி, வீடு வீடாகத் தெருமுனைக் கால்வாய்வரை சாக்பீஸால் ஒரே மட்டத்தில் கோடு போட்டோம். நடுவில் ரெண்டு பசங்க வந்து குழாயைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் ரோடு எவ்வளவு கீழே, வீட்டுத் தரை எவ்வளவு கீழே, கால்வாய் எவ்வளவு கீழே என்று டேப் வைத்து ஒரு நோட்டில் எழுதினோம். கடைசியில் தெரிந்தது: கால்வாய் வாய் எங்கள் எல்லா வீட்டுத் தரையையும்விடத் தாழ்வுதான். நடுவில் மேடாகிவிட்ட ரோடுதான் தண்ணீரை மறிக்கிறது.

அந்த நோட்டின் ஜெராக்ஸோடு, ரோட்டைச் சுரண்டித் தாழ்த்தச் சொல்லித் தெருக்காரர்கள் 14 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். வீடு தூக்குகிறவருக்குப் போன் போட்டு, இந்த மழைக்காலம் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். "வேற யாராச்சும் முட்டுக்கட்டை போட்டாங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.