உறையிழந்த நரம்பும் ஒரு நாட்குறிப்பும்

ஹகீம் இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ பெருநூலின் மூன்றாம் பாகத்தில் நரம்பு நோய்களுக்கெனத் தனிப் பகுதி வகுத்தார். பக்கவாதமாகிய ஃபாலிஜ், மரமரப்பாகிய கதர், நடுக்கமாகிய ரஃஷா என ஒவ்வொன்றையும் பிரித்துரைத்தார். ஆயினும் இவை போன்ற குறிகள் ஒரே மனிதரிடம் வந்தும் விலகியும் மீண்டும் தோன்றுமாயின், அவற்றிற்கு ஒரே வேர் இருக்கக்கூடும் என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. அத்தெளிவு பிறந்த வரலாற்றை நாம் இங்கே நோக்குவோம்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரர் அகஸ்டஸ் டெஸ்டே. 1822 டிசம்பரில், தந்தையைப் போல் நேசித்த உறவினரைக் காண ஸ்காட்லாந்து சென்றார். அவரோ இறந்துவிட்டிருந்தார். அடக்கம் முடிந்தபின் கடிதங்களைப் படிக்க இயலாதவாறு டெஸ்டேயின் பார்வை மங்கியது. பின்னர் தானே தெளிந்தது. 1827இல் ஃபுளோரன்ஸ் நகரில் காண்பவையெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அதன்பின் கால்கள் தளர்ந்தன. இறுதியில் சக்கர நாற்காலியே துணையாயிற்று. மருத்துவர்கள் நீராடலும் தேய்ப்பும் உணவு மாற்றமும் விதித்தனர். நோயின் பெயரை எவரும் கூறவில்லை. 1846 வரை தம் நாட்குறிப்பில் அனைத்தையும் எழுதிவந்த அவர் 1848இல் மறைந்தார்.

அதே காலத்தில் கார்ஸ்வெல் என்பார் 1838இல் வெளியிட்ட படநூலிலும், பாரிஸின் குரூவேலியே வெளியிட்ட படநூலிலும், இறந்தோரின் தண்டுவடத்தில் கண்ட தழும்புத் திட்டுகள் வரையப்பட்டிருந்தன. நோயாளியின் சொல் ஒருபுறமும் பிரேதப் பரிசோதனை மறுபுறமுமாக நின்றன. வறிய பெண்கள் தங்கியிருந்த பாரிஸின் சால்பேட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ இவ்விரண்டையும் இணைத்தார். உயிருடன் இருக்கையில் கண்ட குறிகளை, இறந்தபின் கண்ட திட்டுகளோடு ஒப்பிட்டு, 1868இல் இதனைத் தனி நோயென நிறுவினார். அவரிட்ட பிரெஞ்சுப் பெயரின் பொருளையே அரபு மருத்துவ நூல்கள் ‘அத்தஸல்லுபுல் லுவைஹீ’, அதாவது ‘திட்டுத் திட்டான இறுக்கம்’ என வழங்குகின்றன. ஆங்கில வழக்கில் இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

நரம்பிழையைப் போர்த்தும் கொழுப்புறைக்கு மயலின் என 1854இல் பெயரிட்டவர் விர்ஹோ. இவ்வுறையுள்ள இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கும் மேலான வேகத்தில்கூடச் செல்லும். மூளையிலும் தண்டுவடத்திலும் உடலின் காப்பாற்றலே உறையைத் தாக்கி அழிக்கையில், செய்தி தாமதிக்கிறது அல்லது தடைபடுகிறது. வீக்கம் தணிந்து, உறை ஓரளவு புதுப்பிக்கப்படுகையில் குறிகள் விலகுகின்றன. டெஸ்டேயின் பார்வை தெளிந்ததன் விளக்கமும் இதுவே.

இந்நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் இன்டர்ஃபெரான் மருந்து 1993இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அங்குள்ள இராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்–பார் வைரஸ் தொற்றியபின் இந்நோய்க்கான ஆபத்து 32 மடங்கு உயர்வதாகக் காட்டிற்று. எனினும் அவ்வைரஸ் தொற்றியோரில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதில்லை. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்தும் இன்னும் இல்லை.

டெஸ்டேயின் குறிப்புகள் 1948இல், அவர் மறைந்து நூறாண்டுகள் கழிந்தபின், நூலாயின. அவருக்கு வந்தது எந்நோய் என்பதை அவருடைய சொற்களே காட்டிக்கொடுத்தன. ‘நேற்று மரத்திருந்தது, இன்று இல்லை’ என ஒருவர் முறையிடுகையில், அதனை மனப்பிரமை எனத் தள்ளிவிடாது செவிமடுப்பது மருத்துவரின் கடமை மட்டுமன்று. குடும்பத்தாராகிய நம் கடமையுமாகும்.