‘ஐந்து வண்டிகள் வேண்டும்’: ஒரு கோரிக்கையின் பயணம்

1991 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரை ஒட்டிய குன்றுகளில் முந்தின நாள் பிடித்த புல் தீ கட்டுக்குள் வந்திருந்தது. மிச்சமிருந்த கங்குகளை வீரர்கள் அணைத்துக்கொண்டிருந்தார்கள். காலை பதினொரு மணிக்குச் சற்று முன்பு, உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட டயாப்ளோ காற்று ஒரு கங்கைத் தூக்கிச் சென்று பக்கத்து மரத்தில் போட்டது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட 800 கட்டடங்கள் பற்றிக்கொண்டன. அந்தத் தீ 25 உயிர்களைக் குடித்தது. ஏறத்தாழ 3,000 வீடுகள் சாம்பலாயின. மக்களை வெளியேற்றப் போன இடத்தில் தீயணைப்பு அதிகாரி ஜேம்ஸ் ரைலியும் காவலர் ஜான் க்ரூபென்ஸ்கியும் உயிரிழந்தார்கள்.

அன்று அந்தக் குன்றிலிருந்து வயர்லெஸ்ஸில் ஒரு கோரிக்கை புறப்பட்டது: எங்களிடம் இருக்கும் வண்டிகள் போதாது, வெளியிலிருந்து அனுப்புங்கள். தீ விபத்துகளைப் பற்றி எழுதும்போது வீரர்களைப் பற்றி எழுதுகிறோம், வண்டிகளையும் ஹெலிகாப்டர்களையும் பற்றி எழுதுகிறோம். அத்தனையையும் வரவழைத்த கோரிக்கையை மறந்துவிடுகிறோம். அதற்கும் பிறப்பு உண்டு, போகும் வழி உண்டு, முடிவு உண்டு. அந்த வழியில் அது முதலில் போய்ச் சேர வேண்டிய ஆள், கவுண்டியின் தீயணைப்பு ஒருங்கிணைப்பாளர்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் தீயணைப்பு நிர்வாகம் அங்கே வேறு வகை. தமிழ்நாட்டில் தீயணைப்பு, மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை. திருச்சி வண்டி கரூருக்குப் போக அந்தத் துறையின் மேலிடம் சொன்னால் போதும். கலிபோர்னியாவில் ஒவ்வொரு பெரிய நகரத்துக்கும் தனித் துறை. நகர எல்லைக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கு வேறு அமைப்புகள். சில சிற்றூர்களில் முழுக்கத் தன்னார்வலர்களே வண்டியேறுகிறார்கள். காடுகளுக்கு மாநில அரசின் படையும் மத்திய அரசின் வனத்துறையும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி பட்ஜெட். ஓக்லண்ட் தலைவர் பக்கத்து ஊர் தலைவருக்கு உத்தரவு போட முடியாது, கேட்கத்தான் முடியும்.

அப்படிக் கேட்பதற்கு ஒரு முறையை வகுத்தது 1950-இல் உருவான கலிபோர்னியாவின் பொதுப் பரஸ்பர உதவி ஒப்பந்தம். அதன் சாரம் இரண்டு வாக்குறுதிகள். ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர்கள் ஆளும் வண்டியும் தருவார்கள். அதே சமயம், தன் ஊரைக் காப்பில்லாமல் விட்டுவிட்டுத் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை. இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற நடுவில் ஒருவர் வேண்டும். மாநிலத்தின் 58 கவுண்டிகளில் ஒவ்வொன்றிலும் உள்ள தீயணைப்புத் தலைவர்கள் தங்களுக்குள் ஒருவரை அதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் அவரும் ஒரு துறையின் தலைவராகவே இருப்பார்.

அவருக்கு இல்லாத ஓர் அதிகாரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தீ எரியும் இடத்தில் கட்டளையிடுவது அவர் வேலை அல்ல. அது சம்பவத் தளபதியின் பொறுப்பு. வெளியூர் வண்டிகள் எத்தனை வந்தாலும் கட்டளை அந்த ஊர்க்காரரிடமே இருக்கும். எந்தத் தெருவைக் காப்பது, எந்தச் சரிவை விட்டுவிடுவது என்பதில் ஒருங்கிணைப்பாளர் தலையிடுவதில்லை. கேட்டது வந்து சேர்கிறதா, வருவது ஒழுங்காக வருகிறதா, கொடுத்த ஊர் பத்திரமாக இருக்கிறதா என்பதே அவர் கவலை.

கோரிக்கை நன்றாகப் பிறந்தால்தான் நன்றாகப் பயணம் செய்யும். ‘எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள்’ என்ற கூக்குரலை வைத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் எதுவும் செய்ய முடியாது. எத்தனை வண்டி, எந்த வகை, எந்த இடத்தில் வந்து சேர வேண்டும், யாரிடம் வருகையைத் தெரிவிக்க வேண்டும், எந்த அலைவரிசையில் பேச வேண்டும், உடனே வேண்டுமா அல்லது நாளைக் காலை ஷிப்ட்டுக்கு வேண்டுமா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். வீடுகளைக் காக்கும் நகரத்துப் பெரிய வண்டி வேறு, கரடுமுரடான மண்பாதையில் ஏறி ஓடிக்கொண்டே தண்ணீர் அடிக்கும் சிறிய வண்டி வேறு. தவறான வகையைக் கேட்டால் வரும் உதவி சாலையோரத்தில் நிற்கும்.

இப்படிப் பிறந்த கோரிக்கை ஒருங்கிணைப்பாளரின் மேசைக்கு வருகிறது. வழக்கமான அலகு ‘ஸ்ட்ரைக் டீம்’: ஒரே வகையைச் சேர்ந்த ஐந்து வண்டிகள், அவற்றுக்கு ஒரு தலைவர், எல்லோருக்கும் பொதுவான ஒரு வயர்லெஸ் தொடர்பு. இந்த ஐந்தையும் ஒரே நிலையத்திலிருந்து எடுப்பது எளிது. ஆனால் அப்படி எடுத்தால் அந்த ஊரில் அன்று மாலை யாருக்காவது மாரடைப்பு வந்தாலும், ஒரு சமையலறை பற்றிக்கொண்டாலும் போக வண்டி இருக்காது. ஆகவே ஓர் ஊரிலிருந்து ஒன்று, அடுத்த ஊரிலிருந்து ஒன்று என்று பிரித்தெடுத்து, ஓரிடத்தில் ஒன்றுசேர வைத்து, தலைவரோடு அனுப்புகிறார்கள். காலியான நிலையத்துக்கு இன்னும் தள்ளியிருக்கும் ஒரு நிலையத்திலிருந்து வண்டியை நகர்த்தி நிறுத்துகிறார்கள். தீக்குப் போன வண்டி செய்தியில் வரும். இன்னோர் ஊரின் வெறுமையான கொட்டகையில் காவலுக்கு நிற்கும் வண்டி செய்தியில் வராது. அதை அங்கே நிறுத்துவதுதான் ஒருங்கிணைப்பாளர் செய்யும் வேலையில் பாதி. என் மனசுக்கு அதுவே பெரிய பாதி.

கவுண்டிக்குள் கொடுக்க இனி இல்லை என்ற நிலை வந்தால் கோரிக்கை மேலே ஏறுகிறது. மாநிலம் தீயணைப்பு உதவிக்காக ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மண்டல ஒருங்கிணைப்பாளர் தன் கீழுள்ள மற்றக் கவுண்டிகளின் ஒருங்கிணைப்பாளர்களைக் கேட்கிறார். அங்கும் போதவில்லை என்றால் மாநில அவசரநிலை அலுவலகம் மற்ற மண்டலங்களைக் கேட்கிறது. அந்த அலுவலகத்துக்குச் சொந்தமான வண்டிகள் சில, உள்ளூர்த் துறைகளின் நிலையங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. அவையும் இப்படித்தான் கிளம்புகின்றன. மேலே ஏறிய கோரிக்கை, வேறொரு கவுண்டி ஒருங்கிணைப்பாளரின் மேசையில் மறுபடி கீழே இறங்குகிறது. கேட்பதற்கும் கொடுப்பதற்கும் வாசல் ஒன்றே.

வழியில் அதற்கு ஒரு எண்ணும் கிடைக்கிறது. வண்டிகளுக்கு ‘ஈ’, விமானங்களுக்கு ‘ஏ’, ஆள் குழுக்களுக்கு ‘சி’ என்று ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எண் அது. வண்டி முகாமுக்கு வந்து சேர்ந்ததும் கோரிக்கை ஒரு பொருளாகவே மாறிவிடுகிறது. தடித்த காகிதத்தில் ‘டி’ எழுத்தின் வடிவில் வெட்டிய ஒரு அட்டை. தீயணைப்பு வண்டிக்கு ரோஜா நிறம், ஆள் குழுவுக்குப் பச்சை, ஹெலிகாப்டருக்கு நீலம். எந்தத் துறை, என்ன வண்டி, தலைவர் யார், எத்தனை பேர், எப்போது வந்தார்கள் என்று அதில் எழுதி, பிளவுகள் வரிசையாக உள்ள ஒரு பலகையில் தலைப்பகுதி மட்டும் வெளியே தெரியும்படி செருகுகிறார்கள். வண்டி மலையின் கிழக்குச் சரிவுக்குப் போனால் அட்டையும் அந்தப் பகுதிக்கான வரிசைக்கு நகரும். கணினி வந்துவிட்ட பிறகும் இந்த அட்டைகள் பல முகாம்களில் இருக்கின்றன. மின்சாரம் போனாலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். தன் அட்டை பலகையில் இல்லாத வீரரைப் புகைக்குள் யாரும் தேடிப் போக மாட்டார்கள். அவர் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

கோரிக்கைக்கு இந்த வழி எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் சுமார் 30 மணி நேரம் எரிந்தது. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களிலிருந்து உதவிக்கு வண்டிகள் வந்தன. வந்தவர்களில் பலரால் தங்கள் ஹோஸை பால்டிமோரின் தெருவோரத் தீயணைப்புக் குழாயில் (ஹைட்ரன்ட்டில்) மாட்ட முடியவில்லை. ஊருக்கு ஊர் பித்தளை கப்ளிங்கின் அளவும் மரையும் வேறு வேறு. மறு ஆண்டே தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் ஒரு பொது அளவைக் கொண்டுவந்தது: இரண்டரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு ஏழரை மரை.

1970 இலையுதிர் காலத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் 13 நாட்களுக்குள் ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 16 பேர் இறந்தார்கள், 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அங்கே வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு துறையின் வயர்லெஸ் இன்னொன்றோடு பேசவில்லை. ஒரே சொல்லுக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. யார் யாருக்குக் கீழ் என்பதும் தெளிவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய நிதியில் வனத்துறையும் மாநில அமைப்புகளும் லாஸ் ஏஞ்சலஸ், வென்சுரா, சாண்டா பார்பரா பகுதித் துறைகளும் கூடி ‘பயர்ஸ்கோப்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. இன்று அந்த நாடு முழுக்கப் பயன்படும் சம்பவக் கட்டளை முறை அதில்தான் உருவானது.

அதன் பிறகும் 1991 வந்தது. ஓக்லண்டுக்கு மொத்தம் 88 ஸ்ட்ரைக் டீம்கள், அதாவது 440 வண்டிகள் அளவுக்கு உதவி வந்தது. உலகத்தில் எந்த ஊரும் பொறாமைப்படக்கூடிய எண்ணிக்கை அது. ஆனால் ஓக்லண்ட் ஹைட்ரன்ட்டுகளின் வாய் மூன்று அங்குலம். வந்தவர்களின் ஹோஸ் இரண்டரை அங்குலம். இடையில் மாட்டும் அடாப்டர் போதுமான அளவுக்கு இல்லை. பால்டிமோருக்கு 87 ஆண்டுகள் கழித்து அதே பித்தளை வளையம் மறுபடி குறுக்கே நின்றது. மின்சாரம் அறுந்து பம்பிங் நிலையங்கள் நின்றுபோக, குன்றின் மேலிருந்த தொட்டிகளும் வற்றின. வயர்லெஸ் அலைவரிசைகளில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் யார் குரலும் யாருக்கும் கேட்கவில்லை. கோரிக்கை போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று, உதவியும் வந்தது. வந்த உதவி பொருந்தவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு சட்டம் பிறந்தது. மாநிலச் செனட்டர் நிக்கலஸ் பெட்ரிஸ் கொண்டுவந்த அச்சட்டம் 1993 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. களம், உள்ளூர், கவுண்டி, மண்டலம், மாநிலம் என்று ஐந்து படிகள் கொண்ட ஒரே அவசரநிலை முறை மாநிலம் முழுவதற்கும் வகுக்கப்பட்டது. அதைப் பின்பற்றாத ஊருக்கு ஆபத்துக்கால ஊழியர் செலவை மாநிலம் ஈடுசெய்யாது. கவுண்டி என்ற நடுப்படி அதுவரை தீயணைப்பாளர்களின் பழக்கத்தில் இருந்தது. சட்டத்தில் ஏறியதால் வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் அதுவே வழியாயிற்று.

இந்த முறையை மிகக் கடுமையாகச் சோதித்தது 2017 அக்டோபர் 8 இரவு. நாப்பா கவுண்டியில் கிளம்பிய டப்ஸ் தீ சில மணி நேரத்தில் சோனோமா கவுண்டியின் சாண்டா ரோசா நகருக்குள் புகுந்தது. அதில் மட்டும் 22 பேர் இறந்தார்கள். அதே இரவில் நாப்பாவிலும் சோனோமாவிலும் மெண்டோசினோவிலும் வேறு தீக்களும் பிடித்திருந்தன. மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகள், ஒரே மண்டலத்தைச் சேர்ந்தவை. வழக்கமாக உதவிக்கு முதலில் ஓடிவரும் அண்டை வீட்டுக்காரரே அன்று உதவி கேட்டு நின்றார். இப்படியான இரவில் ஒருங்கிணைப்பாளர் சுமக்கும் பாரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். முழுதாகக் கிடைக்காது என்று தெரிந்தே கேட்க வேண்டும். தூரத்திலிருந்து வருவது விடிந்துதான் வரும் என்பதைக் களத்தில் நிற்பவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தன்னிடம் மிச்சமிருக்கும் இரண்டு வண்டிகளைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று அவர் நிமிடங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது அபாயக் காற்று எச்சரிக்கை வந்த உடனேயே, தீ பிடிக்கும் முன்பே, கூடுதல் வண்டிகளைக் கவுண்டிக்குள் கொண்டுவந்து நிறுத்திவைக்கக் கேட்கும் ஏற்பாடு இருக்கிறது. காற்றை முந்திக்கொண்டு புறப்படுகிற கோரிக்கை அது. தீ பிடிக்காமலே அந்த நாள் கழிந்தால் பணம் வீண் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சாண்டா ரோசாவின் அந்த இரவை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தீ அணைந்ததும் கோரிக்கை முடிந்துவிடுவதில்லை. ஓட்டுநர் ஓய்வெடுத்தாரா, வண்டி பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவிக்கிறார்கள். கடைசி வண்டி தன் நிலையத்துக்குள் நுழைந்து, மறுபடி அழைப்புக்குத் தயார் என்று சொன்ன பிறகே கொடுத்த கவுண்டியின் ஒருங்கிணைப்பாளர் அந்த எண்ணை மூடுகிறார்.

இந்த வேலையின் பெரும்பகுதி தீ இல்லாத நாட்களில் நடக்கிறது. எந்த நிலையத்தில் எந்த வகை வண்டி, எந்த ஊர் ஹைட்ரன்ட்டுக்கு என்ன அளவு, எந்த அலைவரிசை எந்தப் பள்ளத்தாக்கில் எட்டாது என்ற பட்டியல்களைப் புதுப்பிப்பது, பக்கத்துக் கவுண்டிக்காரரோடு சேர்ந்து ஒத்திகை பார்ப்பது, புதிதாக வந்த தலைவரை நேரில் சந்தித்துக் கைபேசி எண் வாங்கிக்கொள்வது. இதற்கெல்லாம் பட்ஜெட் கேட்டால் எளிதில் கிடைப்பதில்லை. புது வண்டி வாங்கக் கேட்டால் கிடைக்கும், திறப்பு விழாவும் நடக்கும். ஓக்லண்ட் சொன்ன பாடம் இதற்கு நேர்மாறானது. 440 வண்டிகள் வந்த ஊரில் ஒரு அடாப்டர் இல்லாததும் ஒரு வயர்லெஸ் கேட்காததும் வீடுகளை எரியவிட்டன. அந்த ஊர் பிறகு தன் ஹைட்ரன்ட் வாய்களைப் பொது அளவுக்கு மாற்றிக்கொண்டது. கேட்பவரையும் கொடுப்பவரையும் இணைக்கும் அந்த மேசைக்கும் அதில் உட்காருபவரின் பயிற்சிக்கும் செலவிடுகிற பணம், வண்டிக்குச் செலவிடும் பணத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.