மறைநூலின் தவறாமை

மறைநூல் தூய ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்டது. ஆகவே அது தவறற்றது. இது திருச்சபையின் தொன்மையான போதனை. முன்னதை 'இறை ஏவுதல்' என்றும், பின்னதைத் 'தவறாமை' என்றும் மறையியலார் வழங்குவர். ஆயின், தவறாமையின் எல்லை யாது? மறைநூல் கூறும் ஒவ்வோர் ஆண்டும் எண்ணும் பெயரும் பிழையற்றிருத்தல் வேண்டுமா? இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை இவ்வினா ஆழ்ந்த சிந்தனையில் ஆழ்த்தியது.

1962 நவம்பர் 14 அன்று, வெளிப்பாட்டின் ஊற்றுகள் பற்றிய வரைவு சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. சமயக் கருத்தாயினும் உலகியல் செய்தியாயினும் மறைநூலில் எப்பிழைக்கும் இடமில்லை என்றது அவ்வரைவு. ஆயர் பலர் அதனை ஏற்கவில்லை. நவம்பர் 20 அன்று, விவாதத்தை நிறுத்துமாறு 1368 பேரும், தொடருமாறு 822 பேரும் வாக்களித்தனர். நிறுத்துவதற்கு மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன, அவை கிட்டவில்லை. எனினும் மறுநாளே திருத்தந்தை 23ஆம் அருளப்பர் தலையிட்டு, புதிய வரைவு எழுதக் கூட்டுக் குழு ஒன்றை அமைக்கப் பணித்தார்.

1964 அக்டோபர் 2 அன்று வியன்னாவின் கர்தினால் கோனிக் சங்கத்தில் வெளிப்படையாகப் பேசினார். தாவீது இறை இல்லத்து அப்பங்களை உண்டது அபியத்தார் காலத்தில் என்கிறது மாற்கு நற்செய்தி (2:26). சாமுவேல் முதல் நூலின் 21ஆம் அதிகாரமோ, அப்போதிருந்த குரு அகிமெலக்கு என்கிறது. இத்தகைய இடங்களை மூடி மறைப்பதால் மறைநூலின் மாண்பு உயராது. அவற்றை நேர்மையுடன் ஏற்பதே தகும் என்பது அவர் நிலை.

பின்னர் வந்த வரைவில் 'மீட்பளிக்கும் உண்மை' என்ற தொடர் இடம்பெற்றது. மறைநூலின் சில பகுதிகள் மட்டுமே ஏவப்பட்டவை என்ற பொருளை அது தந்துவிடுமோ எனச் சிலர் அஞ்சினர். 1965 அக்டோபரில் திருத்தந்தை 6ஆம் சின்னப்பர் அத்தொடரை மீண்டும் ஆராயுமாறு கேட்டுக்கொண்டார். அதன் பயனாக, நம் மீட்பை முன்னிட்டு இறைவன் மறைநூலில் பொறிக்க விரும்பிய உண்மையை அந்நூல்கள் பிழையின்றிக் கற்பிக்கின்றன என்னும் கருத்தில் வாக்கியம் திருத்தி அமைக்கப்பட்டது. நவம்பர் 18 அன்று ஏடு நிறைவேறியபோது ஆதரவு 2344, எதிர்ப்பு 6.

இத்திருத்தம் சிறிதெனினும் அதன் பொருள் பெரிது. மறைநூலை மெய்ப்பகுதி, பொய்ப்பகுதி என நாம் கூறுபோடலாகாது. அது முழுவதும் இறை ஏவுதலால் ஆனது. அதே வேளையில், இறைவன் நமக்கு அளித்தது வரலாற்று அட்டவணையோ அறிவியல் பாடநூலோ அன்று. எழுதியோர் தம் காலத்தின் மொழியிலும் இலக்கிய வகைகளிலும் எழுதிய உண்மையான ஆசிரியர்களே. இறைவாக்கு மனிதச் சொற்களை ஏற்றதை, என்றுமுள வாக்கு நம் வலுவற்ற ஊனுடலை ஏற்றதோடு சங்கம் ஒப்பிடுகிறது.

எனவே, மறைநூலில் பெயரோ எண்ணோ முரண்படக் காணும்போது நம் விசுவாசம் தளர வேண்டியதில்லை. முரணை மறைக்கப் பொய்யான விளக்கங்களைத் தேடவும் வேண்டியதில்லை. இப்பகுதியின் வழி நம் மீட்புக்காக இறைவன் நமக்கு உணர்த்த விழைவது என்ன என்று வினவுவோம். அவ்வினாவுடன் திறக்கும் எவருக்கும் மறைநூல் பொய்ப்பதில்லை.